புழுவுக்கு முதற்பரிசு

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களின் உள்ளக் கிடக்கையை ஐயந்திரிபற உணர்ந்துகொண்ட ஊர்கள் இந்நிலவுலகில் இரண்டே. ஒன்று, அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர். மற்றொன்று, கள்ளக்குறிச்சி. முதலாவது ஊரைப் பற்றி அறிஞர்களிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்பெருமையை நமக்கு ஈட்டித் தந்தோருள் ஒருவர் கண்ணகி. எலவனாசூர்கோட்டையில் பிறந்து, வேளாண்மை படித்து, கல்வராயன் மலைப்பகுதிக்கு உதவி அலுவலராக வந்து சேர்ந்தவர். அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. கைப்பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்திருப்பார். வயலில் இறங்கினால், இருபது செடிக்கு எத்தனை புழு என்று எண்ணாமல் வரப்பேற மாட்டார். எண்ணியதை எண்ணியவாறே குறிப்பேட்டில் எழுதுவார். மேலதிகாரிகள் எவ்வளவோ பொறுமையாக எடுத்துரைத்தும், பாராத வயலைப் பார்த்ததாகக் கையெழுத்திடும் நாகரிகம் மட்டும் அவருக்குக் கைவரவேயில்லை. மற்றபடி நல்ல ஊழியர்.

அவ்வாண்டு ஆவணி மாதத்தில், தீனதயாளன் நெதர்லாந்து நாட்டிலிருந்து திரும்பி வந்தார். அவர் 'மலைப்பகுதி மலர் மேம்பாடு மற்றும் மனமகிழ்ச்சித் திட்ட'த்தின் தனி அலுவலர்; கண்ணகிக்கு மேலதிகாரி. மலர் வளர்ப்பைக் கற்று வரும்படி ஒன்பது நாள் பயணமாக அனுப்பப்பட்டிருந்தார். அங்கே ஒன்பது நாளும் மழை. தோட்டத்தில் இறங்கினால் புதுக் காலணி சேறாகும். ஆகவே அவர் மழைக்கு ஒதுங்கிய இடம் ஓர் ஓவியக்கூடமாக அமைந்தது. ஒதுங்கியவர், கடைசி நாள்வரை வெளியே வரவில்லை. திரும்புகையில் அவரிடம் நான்கு கிலோ எடையுள்ள ஒரு படப் புத்தகமும், அதனினும் கனமான ஞானமும் இருந்தன.

முதற் கூட்டத்திலேயே அந்த ஞானம் அலுவலர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. டச்சுக்காரர் வரைந்த மலர்கள் வெறும் மலர்கள் அல்ல என்றார் தீனதயாளன். உதிர்ந்த இதழ் என்றால் இளமை நில்லாது என்று பொருள். இதழின்மேல் ஈ அமர்ந்திருந்தால் அது மரணம். வண்ணத்துப்பூச்சி, உடலை நீங்கும் உயிர். எறும்பு, ஓயாத உழைப்பு. இலையைத் தின்னும் புழு, தேடிய செல்வம் அரிக்கப்படும் என்பதன் சான்று. துலிப் என்பது, அறிவுடையோரும் ஒரு பூக்கிழங்குக்காக வீட்டையே விற்று அறிவிழப்பர் என்பதற்கான எச்சரிக்கை. அலுவலர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர். எறும்பைப் பற்றிய வரியை மட்டும் பலர் எழுதாமல் விட்டுவிட்டனர்.

இவ்வகை ஓவியத்துக்கு 'அசையாப் பொருள் ஓவியம்' என்று பெயர் எனத் தீனதயாளன் அறிவித்தபோது அவை நெகிழ்ந்துபோனது. நெகிழாமல் என்ன செய்யும்? அக்கலையை நாம் பெயர் தெரியாமலேயே இத்தனை காலம் பயின்று வந்திருக்கிறோம். எந்த அலுவலக மேசையை வேண்டுமானாலும் பாருங்கள். பாதி குடித்த தேநீர்க் குவளை. அதன் விளிம்பில் ஓர் ஈ. சென்ற ஆயுத பூசைக்குச் சாத்திய சாமந்தி மாலை. மாலையின் அடியில், இரண்டாண்டாக இம்மியும் இடம்பெயராத ஒரு கோப்பு. இதை வரைய டச்சுக்காரர் மாதக்கணக்கில் மெனக்கெட்டனர். நமக்கோ மின்விசிறியைப் போடாமல் இருந்தாலே போதும்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மலைமேல் கரியாலூரில் புதிதாக எழும்பியிருந்த மலர் மாளிகையின் முகப்பறையில், மலைநாட்டு மலர்களைக் கொண்டு, டச்சு முறையில், ஆறடிக்கு எட்டடியில் ஓர் ஓவியம் நிறுவப்பட வேண்டும். புரட்டாசி இறுதியில் நடைபெறும் மலர் விழாவில் அது திறந்து வைக்கப்பட வேண்டும். வரைவதற்கு எலவனாசூர்கோட்டைத் தங்கதுரை அமர்த்தப்பட்டார். கோயில் மதில், கட்சிச் சுவர், 'இங்கே குப்பை கொட்டாதீர்' அறிவிப்பு ஆகிய மூன்றையும் ஒரே பக்தியோடு தீட்டக்கூடிய கை அவருடையது.

படத்தில் பூச்சிகள் வருவதால், பூச்சி அறிந்த ஒருவரும் தேவைப்பட்டார். ஒரு புழுவுக்கும் மறு புழுவுக்கும் வேறுபாடு சொல்லத் தெரிந்தவர் அந்த அவையில் கண்ணகி ஒருவரே. எனவே அவர் வயற்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 'பூச்சிப் பொருள் விளக்க அலுவலர்' எனப் புதுப் பதவியில் அமர்த்தப்பட்டார். கழுத்தில் தொங்கவிட அட்டையும் வழங்கப்பட்டது. வயல்களை இனி யார் பார்ப்பார் என்று கண்ணகி கேட்டார். விழா முடியட்டும் என்று பதில் வந்தது. அது பதில்தானா என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, அட்டையை மாட்டிக்கொண்டார்.

கரியாலூர் மாளிகையில் தங்கதுரை வேலையைத் தொடங்கினார். புத்தகத்தைத் திறந்து, துலிப் மலரை நெடுநேரம் உற்று நோக்கினார்.

“இது இன்னா கண்ணகிம்மா, வெங்காயத்தாள்ல பூத்த மாதிரி கீது?”

கிழங்கிலிருந்து வருவதுதான் என்றார் கண்ணகி. தங்கதுரையின் முகம் தெளிந்தது. அதன்பின் அவர் வரைந்த துலிப்பில் சிறிது சாம்பார் வாசனை இருந்தது உண்மைதான். அதைத் தனி அலுவலர் 'மண்ணின் மணம்' என்று ஏற்றுக்கொண்டார்.

கண்ணகிக்கு ஓர் ஐயம் எழுந்தது. சித்திரையில் பூக்கும் கொன்றையும் ஐப்பசியில் பூக்கும் செங்காந்தளும் ஒரே ஜாடியில் எப்படி நிற்கும்? டச்சுக்காரரும் அப்படித்தான் வரைந்தனர் என்றார் தீனதயாளன். வெவ்வேறு பருவத்து மலர்களை ஒருசேரக் காட்டுவது அவர்களுடைய உத்தி. நம் ஆண்டறிக்கையிலும், நடந்ததும் நடவாததும் நான்கு காலாண்டுக்கும் ஒரே பக்கத்தில் பூத்து நிற்கவில்லையா? அந்த அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவர்களுள் கண்ணகியும் ஒருவர்.

ஈ விஷயத்தில் தங்கதுரைக்கு எவ்வித ஐயமும் எழவில்லை. “நம்ம ஊர்ல கொழந்த கன்னத்துல மை வெக்கிறோம், புது வூட்டு மேல பூசணிக்கா கட்டுறோம். அவன் பூவுக்கு ஈயை வெச்சிக்கினான். கண்ணு பட்டுடும்ல” என்றார். தீனதயாளன் இதைக் கேட்டு முதலில் வருந்தினார், பின்பு சிந்தித்தார், இறுதியில் 'ஐரோப்பியத் திருஷ்டிக் கோட்பாடு' எனத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார்.

படத்தின் மாதிரி எல்லாப் பிரிவுகளின் பார்வைக்கும் அனுப்பப்பட்டது. அதன்பின் நிர்வாகம் விழித்துக்கொண்ட வேகத்தை என்னென்பது! ஈயை எதிர்த்துத் 'துப்புரவுப் பெருமிதப் பிரிவு' எழுதியது. ஈயே இல்லாத பகுதி என்று சென்ற ஆண்டுதான் கேடயம் பெற்றிருக்கிறோம். இப்போது சுவரில் ஈயை மாட்டினால் கேடயத்தின் நிலை என்ன? மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. விவாதத்தின்போது தேநீரில் விழுந்த ஈக்கள் குறிப்பில் ஏறவில்லை. முடிவில், 'படத்தில் காணப்படும் ஈ வெளியூரிலிருந்து வந்தது' என்ற அடிக்குறிப்போடு ஈ அனுமதிக்கப்பட்டது.

அடுத்து, உதிர்ந்த இதழ். மலர் வாடியதற்குப் பொறுப்பு யார் என்று தோட்டப் பிரிவிடம் விளக்கம் கோரப்பட்டது. தோட்டப் பிரிவு அதை நீர்ப் பிரிவுக்குத் தள்ளியது. நீர்ப் பிரிவு ஓவியருக்குத் தள்ளியது. தாம் வரையும்போதே அது வாடித்தான் இருந்தது என்று தங்கதுரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அனைவரும் மூச்சு விட்டனர்.

புழு அத்தனை எளிதில் தீரவில்லை.

புத்தகத்திலிருந்தது ஐரோப்பியப் புழு. அதன் முகவெட்டு தமக்குப் பிடிபடவில்லை என்று, தங்கதுரை தமக்குத் தெரிந்த புழுவை வரைந்திருந்தார். பழுப்பு உடல், நெற்றியில் தலைகீழான கவட்டைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகள். கண்ணகி பார்த்தவுடன் அடையாளம் கண்டார். மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்று தீர்க்கும் படைப்புழு. அவ்வாண்டு மலையில் கொல்லைக்குக் கொல்லை அது இறங்கியிருந்தது.

சான்றிதழ் பெறாத ஒரு புழு அரசுச் சுவரில் ஏறுவதா? ஒன்பது அலுவலர்கள் மூன்று ஜீப்புகளில் மலையேறி வந்தனர். வளைவுப் பாதையில் இருவர் வாந்தி எடுத்தும் கடமையிலிருந்து பின்வாங்கவில்லை. கண்ணகியின் உருப்பெருக்கியை வாங்கி முறை வைத்துப் பார்த்தனர். அளவுகோலால் அளந்தனர். புள்ளிகளை எண்ணினர், இருவருக்கு ஐந்து வந்தது, மறு எண்ணிக்கை நடத்தப்பட்டது. அந்தப் புழு, தீட்டப்பட்ட இலையொன்றின் மூலையில் இரண்டங்குலம் தின்றிருந்தது. சேதம் 'மிகக் கடுமையானது' என மதிப்பிடப்பட்டு, நேரடிப் பார்வை அறிக்கை நான்கு படிகளில் அன்றே ஒப்பமிடப்பட்டது. பணியில் சேர்ந்து பதினோராண்டில் இத்தகைய விரைவைக் கண்ணகி கண்டதில்லை. அவருடைய கண்கள் கலங்கின. வர்ணத்தின் நெடியாக இருக்கலாம்.

ஜீப்புகள் கீழிறங்கிய தூசி அடங்குமுன் தைலம்மாள் வந்து நின்றார். கரியாலூருக்கு அப்பால் இரண்டு கல் தொலைவில் நான்கு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தவர். வருவது இது மூன்றாம் முறை.

“இன்னா மேடம், ஒம்போது ஆபீசருங்க வந்துட்டுப் போறாங்களே. எங்க கொல்லைக்குங்களா?”

இல்லை, படத்துக்கு என்றார் கண்ணகி. சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

தைலம்மாள் சுவரருகே போய்ப் புழுவைப் பார்த்தார். “அதேதான்” என்றார். பிறகு தம் நிலைமையை மறுபடி சொன்னார். குருத்து ஒன்றுகூட மிச்சமில்லை. ஏர் ஓட்டி அழித்துவிட்டுக் கொள்ளு விதைத்தால் இந்த ஆண்டுக்கு அடுப்பெரியும். மாற்று விதை தருகிறார்கள்தான். ஆனால் சேதமான பயிர் நின்ற நிலையிலேயே அலுவலர் ஒருவரால் பார்வையிடப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அழித்துவிட்டால் விதை இல்லை. அழிக்காமல் காத்திருந்தால் பருவம் இல்லை.

“அய்ப்பசி மழை புடிச்சிக்கிச்சின்னா கொல்லையில ஏர் எறங்காதுங்க. அதுக்குள்ள வந்து பாத்துடுங்க. மூணு ஜீப்பு வேணாம், நீங்க ஒருத்தர் நடந்து வந்தா போதும்.”

கண்ணகி அரை நாள் விடுப்புக் கேட்டார். அவர் இல்லாத அரை நாளில் புழுவுக்கு யார் விளக்கம் சொல்வது என்று தீனதயாளன் கேட்டார். விழாவுக்கு முன்னோட்டமாகப் பார்வையாளர்கள் வரத் தொடங்கிவிட்டனர் அல்லவா? கண்ணகி எழுத்து மூலம் கேட்டார். அம்மடல் முறைப்படி 'பயிர்ச் சேத நேரடிப் பார்வைப் பிரிவு'க்கு அனுப்பப்பட்டது. அப்பிரிவில் இருந்தவர் ஒருவரே; அவர் கண்ணகி. ஆகவே மடல் மூன்றாம் நாள் அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவரோ மாற்றுப் பணியில் இருப்பதால், அதன்மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரமற்றவர். 'உரிய அலுவலர் பணிக்குத் திரும்பியபின் பரிசீலிக்கப்படும்' என்று தமக்குத் தாமே எழுதி, தாமே பெற்றுக்கொண்டார். நிர்வாகத்தில் இத்தனை முழுமை வாய்ப்பது அரிது.

விழாவுக்கு முந்திய நாள் காலையில் தைலம்மாள் நான்காம் முறை வந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தில், வேரோடும் மண்ணோடும் ஒரு மக்காச்சோளச் செடி.

“உங்களால வர முடியலன்னா அதாச்சும் வரட்டும்னு புடுங்கியாந்தேங்க” என்று கண்ணகியின் முன்னே வைத்தார்.

இலைகள் சல்லடையாகிக் கிடந்தன. குருத்தில் ஈர மரத்தூள் போலப் புழுவின் எச்சம். அதற்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கிழிந்த விளிம்பில் ஒரு பனித்துளி. அவ்வேளையில்தான் தீனதயாளன் உள்ளே நுழைந்தார். செடியைக் கண்டார். நின்றார். அவருடைய கை தானாகவே நெஞ்சின்மேல் சென்றது.

“நானூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க வர்ணத்துல செஞ்சதை, இந்த அம்மா உயிரோட செஞ்சிருக்காங்க” என்றார் குரல் தழுதழுக்க. பிறகு தைலம்மாளை வணங்கினார். “இந்தப் படைப்புக்கு என்னம்மா தலைப்பு?”

தைலம்மாள் கண்ணகியைப் பார்த்தார்.

“மக்காச்சோளங்க.”

“என்ன எளிமை” என்றார் தீனதயாளன்.

செடி குடத்திலிருந்து எடுக்கப்பட்டு, வெண்கல ஜாடிக்கு மாற்றப்பட்டு, ஓவியத்தின் வலப்பக்கத்தில் நிறுத்தப்பட்டது. உடனே அவசரக் கூட்டம் கூடியது. 'உயிருள்ள அசையாப் பொருள்' என்றொரு புதுப் போட்டிப் பிரிவு உருவாக்கப்பட்டது. அதில் கலந்துகொண்டது ஒரே செடி. முதற்பரிசு அதற்கு வழங்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் பரிசுகள், போதிய தரமுடைய படைப்புகள் வாராமையால் நிறுத்தி வைக்கப்பட்டன. புழுவோ இந்தக் கௌரவத்தால் சற்றும் மயங்காமல் மேல் இலைக்கு நகர்ந்தது. 'அசையாப் பொருள்' அசைவது விதிமீறல் ஆகாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். புழு தின்கிறதே தவிர அசையவில்லை என்று தீர்ப்பாயிற்று.

கண்ணகி அக்கூட்டத்தின் குறிப்பை எழுதினார். எழுதி முடித்ததும் அதைத் திரும்பப் படித்தார். வழக்கமாக அவர் ஒரு முறைதான் படிப்பார். அன்று மூன்று முறை படித்தார்.

மறுநாள் முற்பகல் விழா. திரை விலகியதும் ஆறடிக்கு எட்டடி ஓவியம் அவையோரை வாய்பிளக்க வைத்தது. துலிப், கொன்றை, செங்காந்தள், வெளியூர் ஈ, சான்றிதழ் பெற்ற புழு. தங்கதுரைக்குக் கைத்தட்டல் கிடைத்தது. பின்னர்த் தைலம்மாள் மேடைக்கு அழைக்கப்பட்டார். 'நிலையாமையை நிலைநாட்டியமைக்காக' என்று பொறித்த கேடயம் கொடுத்தனர். சால்வை போர்த்தினர். கலைஞர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிபெருக்கியை நீட்டினர்.

“எல்லாருக்கும் வணக்கங்க” என்றார் தைலம்மாள். “இத்த நான் செய்யலீங்க, புழு செஞ்சிது. எங்க கொல்லையில நாலு ஏக்கரும் இப்பிடித்தான் கீது. யாராச்சும் ஒருத்தர் வந்து பாத்துட்டு, ஏர் ஓட்டிக்கோன்னு எழுதிக் குடுத்தா போதுங்க.”

கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. தீனதயாளன் எழுந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். உலகிலேயே மிகப்பெரிய டச்சு ஓவியம், நான்கு ஏக்கர் பரப்பில், கல்வராயன் மலையில் உள்ளது என்பதை இந்த நொடியில்தான் தாம் அறிந்ததாகக் கூறினார். அது காக்கப்படும். சுற்றிலும் மூங்கில் வேலி அமைக்கப்படும். ஓர் இலையையும் எவரும் தொடலாகாது. ஏர், மாடு, டிராக்டர் எதுவும் உள்ளே இறங்கலாகாது. தை மாதத்தில் வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து பார்வையிடுவர். அதுவரை அக்கொல்லை அரசின் சிறப்புக் கவனத்தில் இருக்கும்.

தைலம்மாள் மேடையிலிருந்து இறங்கிக் கண்ணகியிடம் வந்தார். சால்வையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கியிருந்தார்.

“தை வரைக்கும் வுட்டா சின்னராசு கொல்லையும் போயிடுமே, மேடம். எனக்குத்தான் கேடயம் குடுத்துட்டாங்க. அவன் இன்னா பண்ணுவான்?”

சின்னராசு அடுத்த வரப்புக்காரர். அங்கே கதிர் இப்போதுதான் பால் பிடித்திருந்தது. மேற்கே மலைமுகட்டில் மேகம் கருத்திருந்ததை இருவரும் சேர்ந்து பார்த்தனர்.

விருந்தினர் உணவுக்குச் சென்றபின், தீனதயாளன் மகிழ்ச்சி பொங்கக் கண்ணகியைத் தேடி வந்தார். அடுத்த பத்து நாளுக்கு அண்டை மாவட்டங்களிலிருந்து கூட்டம் வரப்போகிறது என்றார். இவ்வளவு பெரிய கலைச்செல்வத்தைக் காப்பவர் கண்ணகியே என்று மனமாரப் பாராட்டினார்.

“நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் படத்துக்கிட்ட நின்னுடுங்கம்மா. வர்றவங்களுக்கு அந்தப் புழு என்ன சொல்லுதுன்னு நல்லா விளங்கணும்.”

கண்ணகி கழுத்து அட்டையைக் கழற்றி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

“சுவத்துல இருக்கற புழு எதையும் திங்கல சார், அதுக்கு நான் வேணாம். நாளைக்குக் காலையில தைலம்மா கொல்லையைப் பாத்து எழுதிட்டு, ஏர் ஓட்டச் சொல்லப் போறேன்.”